ஸ்டார்ட்டர் காயில் ஏன் எரிந்துகொண்டே இருந்தது: ஒரு பம்ப்செட் ஸ்டார்ட்டரைப் பிரித்துச் சரிசெய்த அனுபவம்

பெரியப்பாவின் தென்னந்தோப்பு பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகிற வழியில் இருக்கிறது. போர்வெல்லில் 5 எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார். மோட்டார் ரூம் சுவரில் ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், அதாவது லைன் வோல்டேஜை அப்படியே நேராக மோட்டாருக்குக் கொடுக்கும் வகை. மோட்டாரிலும் பம்பிலும் ஒரு குறையும் இல்லை. ஸ்டார்ட்டரில் மட்டும் காயில் (உள்ளே மேக்னட்டை இழுக்க வைக்கும் கம்பிச் சுற்று) எரிந்துகொண்டே இருந்தது. பக்கத்து ஊர் எலக்ட்ரீஷியன் வந்து புதுக் காயில் போடுவார், சில வாரம் ஓடும், அப்புறம் மறுபடி கருகல் வாடை வரும்.

"காயில் மறுபடியும் போயிருச்சு கண்ணு. வரும்போது நல்ல காயிலா ஒண்ணு வாங்கிட்டு வந்துரு" என்றார் போனில்.

"காயில் வாங்கறது அப்புறம் பார்த்துக்கலாங்க பெரியப்பா. மொதல்ல பெட்டியத் தொறந்து பார்த்தர்றனுங்க. அதுவரைக்கும் யாரும் ஸ்டார்ட் பட்டனை அமுக்க வேண்டாம்னு சொல்லி வையுங்க."

நான் ஒரு நூல் மில்லில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருக்கிறேன். ஷிப்டுக்கு ஷிப்ட் கான்டாக்டரோடுதான் பிழைப்பு. ஸ்டார்ட்டருக்குள் காயிலால் இயங்கும் சுவிட்ச்தான் கான்டாக்டர். அங்கே பழகியதில் ஒன்று உறுதியாகச் சொல்வேன்: நல்ல காயில் தானாக எரிவது அபூர்வம். ஏதோ ஒன்று அதை எரிக்கிறது. அது என்னவென்று பார்க்காமல் காயிலை மட்டும் மாற்றினால் அடுத்த காயிலும் அதே வழியில்தான் போகும். விவசாயிகள் இந்த வகையில் வருஷா வருஷம் இழக்கிற பணத்தையும், தண்ணீர் பாயாமல் போகிற நாட்களையும் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. இந்தப் பதிவை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். ஸ்டார்ட் பட்டனை அமுக்கியதும் நோ வோல்ட் காயிலுக்கு சப்ளை போகிறது. காயில் உட்கார்ந்திருப்பது நிலையான மேக்னட்டின், அதாவது அசையாமல் இருக்கும் இரும்புத் துண்டின் நடுக்காலில். எதிரே அசையும் மேக்னட். காயில் உயிர்பெற்றதும் அசையும் மேக்னட் இழுபட்டு வந்து ஒட்டுகிறது. அதோடு சேர்ந்து நகரும் பிளாஸ்டிக் கேரியரில் மூன்று அசையும் பாயிண்ட்கள் (தொட்டால் கரண்டைக் கடத்தும் முனைகள்) இருக்கின்றன. அவை நிலையான பாயிண்ட்களில் போய் உட்கார்ந்ததும் மோட்டாருக்கு சப்ளை கிடைக்கிறது. கையை பட்டனிலிருந்து எடுத்த பிறகும் ஓடுவதற்கு ஹோல்டிங் பாயிண்ட் ஒன்று உண்டு. கரண்ட் நின்றால் காயில் விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும், திரும்பக் கரண்ட் வந்தால் தானாக ஓடாது. நோ வோல்ட் காயில் என்ற பெயரே இந்தப் பாதுகாப்பினால் வந்ததுதான்.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று இருக்கிறது. ஏ.சி. காயிலில் கரண்டைக் கட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு இண்டக்டன்ஸுக்கு, அதாவது கரண்ட் மாறுவதைக் காந்தப்புலத்தால் எதிர்க்கும் தன்மைக்கு. மேக்னட் திறந்திருக்கும்போது நடுவில் காற்று இடைவெளி அதிகம், இண்டக்டன்ஸ் குறைவு, அதனால் காயில் வழக்கமானதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். மேக்னட் ஒட்டிய நிமிஷமே அது சட்டென்று இறங்கிவிடும். அந்தக் கூடுதல் கரண்ட் கண்ணிமைக்கிற நேரம்தான் ஓடும் என்ற கணக்கில்தான் காயிலைச் சுற்றியிருப்பார்கள். மேக்னட் முழுக்க ஒட்டாமல் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் போதும், கரண்ட் முழுசாக இறங்காமல் கூடுதலாகவே ஓடிக்கொண்டிருக்கும். காயில் சூடேறி, வார்னிஷ் கருகி, சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகிவிடும். ஆகவே எரிந்த காயிலைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மேக்னட்டை முழுசாக ஒட்ட விடாமல் தடுத்தது எது?

சரி, வேலைக்கு வருவோம். மெயின் சுவிட்சை இறக்கியதோடு நிற்காமல் மூன்று ஃபியூஸ் கேரியரையும் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். தோப்பில் இப்போது மொபைல் ஸ்டார்ட்டர் வைத்திருக்கிறார்கள். பெரியப்பா மகன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு போனிலிருந்தே மோட்டாரைப் போட முடியும். பெட்டிக்குள் ஒருவர் கை வைத்திருப்பது அவனுக்குத் தெரியாது. சுவிட்சை இறக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். தெரியாமல் யாராவது தூக்கிவிட்டாலும் ஃபியூஸ் கேரியர் உங்கள் பையில் இருந்தால் உயிர் உங்களிடம் இருக்கிறது. பிறகு மல்டிமீட்டரில் மூன்று ஃபேஸையும் ஒன்றுக்கொன்று, எர்த்துக்கு என இரண்டு விதமாகவும் பார்த்தேன். மீட்டர் சரியாகத்தான் காட்டுகிறதா என்பதை ஃபியூஸைப் பிடுங்கும் முன்பே சப்ளையில் வைத்துப் பார்த்துவிட வேண்டும். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கை வைக்காதீர்கள். இரண்டு ஃபேஸில் ஓட்டக் கண்டென்சர் போட்டிருக்கும் இடங்களில், சப்ளை போன பிறகும் கண்டென்சரில் சார்ஜ் இருக்கும். அதையும் இறக்கிவிட்டுத்தான் தொட வேண்டும்.

பிரிப்பதற்கு முன் வயர்களை போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். வயரின் நுனியில் சின்னதாக டேப் ஒட்டி நம்பர் எழுதிவிட்டால் திரும்ப மாட்டும்போது சந்தேகமே வராது. உள்ளே போகும் மூன்றிலோ வெளியே வரும் மூன்றிலோ ஏதாவது இரண்டு ஒன்றுக்கொன்று இடம் மாறினால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சப்மெர்சிபிளில் அது கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் குறைவாக வருவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

மூடியைத் திறந்ததும் முதலில் தெரிந்தது எறும்பு. கேபிள் நுழைகிற ஓட்டையை யாரும் அடைக்கவில்லை, அந்த வழியாகக் கூட்டமாக வந்து குடியேறியிருக்கின்றன. ஒரு மூலையில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருந்தது. எறும்புக்கும் மின்சாதனங்களுக்கும் அப்படி ஒரு தொடர்பு. கான்டாக்டர், ரிலே, சுவிட்ச் என்று எங்கே பார்த்தாலும் வந்துவிடும். மேக்னட் இரண்டுக்கும் நடுவே நசுங்கிச் செத்த எறும்புகள் ஒரு கறுப்புப் பொருக்காகப் படிந்திருந்தன. நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. அசையும் மேக்னட்டைக் கையால் அமுக்கிப் பிடித்து, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு காலில் வெளிச்சம் கசியாமல் ஒட்டியிருந்தது, இன்னொரு காலில் கோடாக வெளிச்சம் தெரிந்தது.

மேக்னட் முகத்தைச் சுத்தம் செய்வதில் சில விஷயங்களை உறுதியாகச் சொல்ல வேண்டும். உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்தேன். பொருக்கு விடாத இடத்தில் கொஞ்சம் ஐசோ புரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். அவ்வளவுதான். அரமோ எமரி பேப்பரோ இங்கே கூடவே கூடாது. இ வடிவ மேக்னட்டில் நடுக்கால் மற்ற இரண்டையும்விட ஒரு துளி குட்டையாக இருக்கும். மேக்னட் மூடினாலும் நடுவில் மெல்லிய இடைவெளி விட வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். அது இருப்பதால்தான் காயிலில் சப்ளை போனதும் மிச்சமிருக்கும் காந்தத்தன்மையில் மேக்னட் ஒட்டிக்கொள்ளாமல் விடுகிறது. வெளிக்கால்களை ராவினால் அந்த இடைவெளி போய்விடும். பிறகு ஸ்டாப் பட்டனை அமுக்கினாலும் மோட்டார் நிற்காமல் ஓடும். கிரீஸும் எண்ணெயும் தடவுவதும் இதே வேலையைத்தான் செய்யும். துருப்பிடிக்கக் கூடாது என்று நல்லெண்ணத்தில் தடவுவார்கள், அதில் தூசி சேர்ந்து பசையாகி மேக்னட்டைப் பிடித்துக்கொள்ளும். புது மேக்னட்டில் கம்பெனியிலிருந்தே லேசான எண்ணெய்ப் பூச்சு வரும், அதையும் துடைத்துவிட்டுத்தான் போட வேண்டும்.

எறும்புப் பொருக்கு மட்டும்தான் காரணம் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் பெரியப்பா ஒன்று சொல்லியிருந்தார்: "ஓடறப்ப எந்நேரமும் கிர்ருனு ஒரு சத்தம் கேக்கும், அது மொதல்லருந்தே இருக்குது." அந்தச் சத்தத்துக்குத் தனியாக ஒரு காரணம் இருக்க வேண்டும். மேக்னட்டின் வெளிக்கால் முகத்தில் காடி வெட்டி, செம்பில் ஒரு சின்ன வளையம் பதித்திருப்பார்கள். ஷேடிங் ரிங் என்று பெயர். நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ், அதனால் மேக்னட்டின் இழுவிசை விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் மேக்னட்டைத் தள்ளிவிடப் பார்க்கும். ஷேடிங் ரிங்கில் தூண்டப்படும் கரண்ட், அந்தப் பகுதியின் காந்தப் பாய்வைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. மற்ற பகுதி பூஜ்யத்தில் இருக்கும்போது இது பிடித்துக்கொள்ளும். ரிங் உடைந்தால் அதில் கரண்ட் சுற்ற முடியாது, மேக்னட் விநாடிக்கு 100 முறை விட்டு விட்டுப் பிடிக்கும். காதில் கேட்கும் கிர்ர் அதுதான்.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஒரு காலில் இருந்த ரிங்கின் மூலையில் மயிரிழை விரிசல். ஊசியால் தொட்டால் லேசாக ஆடியது. கண்ணால் பார்த்தால் முழு ரிங் போலத்தான் தெரியும், அதனால்தான் இதுவரை யாருக்கும் பிடிபடவில்லை. இதை ஈயம் வைத்து ஒட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. அடி வாங்கி வாங்கி ஈயம் விட்டுப்போகும், ஒட்டிய இடம் தடித்து மேக்னட்டையே மூட விடாமலும் செய்யும். மேக்னட் ஜோடியை மாற்றுவதுதான் சரி. மேலும் கீழும் ஒன்றோடொன்று உட்காரும்படி தேய்த்து முடித்த ஜோடி என்பதால் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லதல்ல.

அடுத்தது பாயிண்ட். ஆர்க் சேம்பரை (பாயிண்ட் பிரியும்போது வரும் தீப்பொறியான ஆர்க்கை அடக்கும் மூடி) கழற்றி மூன்று ஃபேஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் கறுத்திருந்தன, ஆனால் வெள்ளி வில்லை தடிமனாகவே இருந்தது. மூன்றாவதில் வில்லை பாதி உருகிப் பள்ளமாகி, ஓரத்தில் செம்பு தெரிந்தது. ஒரு பக்கம் லேசாக ஒட்டிப் பிய்ந்த தடயமும் இருந்தது. அந்தப் பாயிண்டின் ஸ்பிரிங் நீலம் பூத்துத் தளர்ந்துபோயிருந்தது. மற்ற ஸ்பிரிங்கோடு சேர்த்து விரலால் அமுக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்தது.

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் கெடுப்பது. கறுத்த பாயிண்டைப் பார்த்தால் உப்புத்தாளை எடுத்துவிடுவார்கள். பாயிண்டில் இருப்பது வெள்ளிக் கலவை. வெள்ளியோடு காட்மியம் ஆக்சைடு அல்லது டின் ஆக்சைடு சேர்த்திருக்கும். பாயிண்ட் ஒட்டாமல் இருக்கவும், ஆர்க்கைத் தாங்கவும் அந்தக் கலவை. வெள்ளியின் மேல் வருகிற கறுப்பு பெரும்பாலும் கரண்டைத் தடுக்காது. செம்பின் மேல் வருகிற ஆக்சைடுதான் தடுக்கும். பழைய காலத்து செம்புப் பாயிண்ட் ஸ்டார்ட்டர்களில் அரம் போட்ட பழக்கம் அப்படியே வெள்ளிப் பாயிண்டுக்கும் வந்துவிட்டது. ராவினால் விலை கொடுத்து வாங்கிய வெள்ளி தூளாகப் போகும். வளைந்த முகம் தட்டையாகி ஓரிரு புள்ளியில் மட்டும் தொடும். உப்புத்தாளின் மணல் துகள் வெள்ளியில் பதிந்து அங்கேயே சூடு பிடிக்கும். கறுப்பு, சின்னச் சின்னப் புள்ளி, சொரசொரப்பு இவையெல்லாம் வேலை செய்த பாயிண்டின் இயல்பு. உருகித் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு மணி மட்டும் மறு பாயிண்டை உட்கார விடவில்லையென்றால், அந்த மணியை மட்டும் நேர்த்தியான அரத்தால் தட்டிவிடலாம். அதற்கு மேல் தொட வேண்டாம். வில்லை மூன்றில் ஒரு பங்குக்குத் தேய்ந்ததும் மாற்றிவிடுவது என் வழக்கம். செம்பு தெரிந்தால் யோசிக்கவே வேண்டியதில்லை.

இப்போது மூன்று பழுதும் ஒரே கதையாகக் கோர்த்துக்கொண்டது. உடைந்த ரிங், எறும்புப் பொருக்கு இரண்டாலும் மேக்னட் உறுதியாகப் பிடிக்கவில்லை. பட்டனை அமுக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள்: மேக்னட் முழுக்க ஒட்டுவதற்கு முன்பே பாயிண்ட்கள் தொட்டுவிடும். மிச்சமுள்ள தூரத்தில்தான் பாயிண்ட் ஸ்பிரிங் அமுங்கி அழுத்தம் கொடுக்கிறது. பாயிண்ட் தொட்ட கணத்திலேயே மோட்டார் ஓட்டக் கரண்டைப் போல ஆறு மடங்கு இழுக்கும், லைன் வோல்டேஜ் சரியும். மேக்னட் கடைசி ஒரு மில்லிமீட்டரைக் கடக்க வேண்டிய நேரத்தில் காயிலுக்கு வோல்டேஜ் குறைந்துவிடுகிறது. பிடிப்பு போய் விடும், பாயிண்ட் திறக்கும், வோல்டேஜ் ஏறும், திரும்பப் பிடிக்கும். டடடட என்று ஸ்டார்ட்டர் அடித்துக்கொள்வது இதனால்தான். ஒவ்வொரு அடியிலும் ஆறு மடங்கு கரண்டில் ஆர்க் விழுகிறது. வெள்ளி உருகுகிறது, ஸ்பிரிங் சூடேறித் தளர்கிறது, காயிலும் கருகுகிறது.

வோல்டேஜை அளந்து பார்த்ததில் இது ஊர்ஜிதமானது. பக்கத்துத் தோப்பிலும் இதே லைனில் 5 எச்.பி.தான். அவர்களிடம் கேட்டு அவர்கள் மோட்டாரைப் போடச் சொல்லி அளந்தேன். சும்மா இருக்கும்போது ஃபேஸுக்கு ஃபேஸ் 405 வோல்ட் சுற்றி இருந்தது, ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் 350-க்கு வந்தது. 415 வோல்ட் காயில் 85 சதவீதம் வரை, அதாவது சுமார் 353 வோல்ட் வரைதான் நிச்சயமாகப் பிடித்தாக வேண்டும் என்பது தரக்கட்டுப்பாட்டு விதி. அதற்குக் கீழே பிடித்தால் நம் அதிர்ஷ்டம். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி கம்பத்தில் இருக்கும் தோப்புகளில் இது சகஜம். எனவே இந்த முறை சாதாரணக் காயில் வேண்டாம், விவசாய ஸ்டார்ட்டருக்கென்றே வரும் வைட் பேண்ட் காயில் போடலாம் என்று முடிவு செய்தேன். குறைந்த வோல்டேஜிலும் பிடிக்கும்படி சுற்றியிருப்பார்கள், அளவு காயில் மேலேயே அச்சிட்டிருக்கும். வாங்கும்போது அந்த அச்சை நீங்களே படித்துப் பாருங்கள். 240 வோல்ட் காயிலும் 415 வோல்ட் காயிலும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் நடுவே 240 வோல்ட் காயிலைப் போட்டால் அது புகைய அதிக நேரம் ஆகாது.

ஸ்பேர் வாங்கப் பொள்ளாச்சிக்குப் போனபோது பழைய பாயிண்டையும் காயிலையும் கையோடு கொண்டுபோனேன். ஸ்டார்ட்டரின் மாடல் நம்பர், ஓவர்லோட் ரிலே (மோட்டார் அதிகக் கரண்ட் இழுத்தால் நிறுத்தும் பாதுகாப்பு) அளவு இரண்டையும் எழுதிக்கொண்டேன். ஒரே கம்பெனியிலேயே தலைமுறைக்குத் தலைமுறை பாயிண்டின் நீளம் மாறும், 'எல்லாத்துக்கும் சேரும்' என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். பெயர் குழப்பம் ஒன்றும் இப்போது புதிதாக வந்திருக்கிறது. நம் பக்கத்தில் பலர் வீட்டில் இருப்பது எல் அண்ட் டி ஸ்டார்ட்டர். அந்தச் சுவிட்ச்கியர் தொழிலை 2020-ல் ஷ்னைடர் எலக்ட்ரிக் வாங்கியது. 2024-லிருந்து லாரிட்ஸ் நுட்சன் என்ற பெயரில் பொருள்கள் வருகின்றன. டப்பாவில் வேறு பெயரைப் பார்த்து டூப்ளிகேட் என்று திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். பெரியப்பாவுடையது வேறு கம்பெனி, அதற்குரிய கிட் கிடைத்தது.

உண்மையான டூப்ளிகேட்டும் சந்தையில் உண்டு. நல்ல பாயிண்டைப் பக்கவாட்டில் பார்த்தால், செம்பு அல்லது பித்தளைப் பட்டையின் மேல் வெள்ளி வில்லை தனியாகப் பற்றவைத்திருப்பது தெரியும், அதற்கு ஒரு தடிமன் இருக்கும். டூப்ளிகேட்டில் முலாம் மட்டும் பூசியிருப்பார்கள், விளிம்பு தெரியாது. சில தடவை ஸ்டார்ட் ஆனதுமே முலாம் போய் செம்பும் செம்பும் மோத ஆரம்பிக்கும், பாயிண்ட் ஒட்டிக்கொள்ளும். பாயிண்ட் ஒட்டினால் ஸ்டாப் அமுக்கியும் மோட்டார் நிற்காது, ஓவர்லோட் ரிலே டிரிப் ஆனாலும் நிற்காது. ரிலே வெட்டுவது காயிலுக்குப் போகும் சப்ளையைத்தான். பாயிண்ட் திறக்க மறுத்தால் ரிலேயால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படி நேர்ந்தால் பட்டனோடு மல்லுக்கட்டாமல் மெயினை இறக்குங்கள்.

கிட்டில் ஆறு நிலையான பாயிண்ட், மூன்று அசையும் பாயிண்ட், மூன்று ஸ்பிரிங். மூன்று ஃபேஸுக்கும் சேர்த்தே மாற்றினேன். "ரெண்டு நல்லாத்தானே இருக்குது, அதை எதுக்கு எறியறே?" என்று பெரியப்பா கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒரு ஃபேஸில் புதுசும் மற்றதில் தேய்ந்ததும் இருந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் தொடாது, அழுத்தமும் ஒன்றாக இருக்காது. ஆர்க்கும் மூன்றிலும் சமமாக விழாது. வில்லை நன்றாக இருந்த பழையதைக் கவரில் போட்டு எழுதி வைத்தேன், ஆபத்துக்கு உதவும்.

திரும்ப மாட்டும்போது முதலில் கேரியர். வெறும் கேரியரைக் காயில் இல்லாமல் அதன் காடியில் வைத்து மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். சூட்டில் பிளாஸ்டிக் வளைந்திருந்தால் ஓரிடத்தில் உரசி நிற்கும். இது வழுக்கிக்கொண்டு விழுந்தது. நிலையான மேக்னட்டுக்கு அடியில் வரும் ரப்பர் பேட் காய்ந்து கல்லாகியிருந்தது, அதையும் மாற்றினேன். சின்னப் பொருள்தான், ஆனால் மேக்னட் மோதும் அடியை வாங்கிக்கொள்வது அது. அது இறுகினால் ஷேடிங் ரிங் உடையும். இந்த ரிங் உடைந்ததற்கும் அதுவே காரணம் என்பது என் கணிப்பு. அசையும் மேக்னட் அதன் பின்னில் லேசாக ஆட வேண்டும், அப்போதுதான் கீழ் மேக்னட்டின் மேல் தானாகச் சமமாக உட்காரும். ஆடுகிறதே என்று பேப்பர் மடித்துச் சொருகிவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து வேண்டாம். எல்லாம் மாட்டிய பிறகு கையால் அமுக்கிவிட்டு விட்டேன். ஒவ்வொரு தடவையும் சத்தமாக எகிறித் திரும்பியது. அமுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று ஃபேஸிலும் இணைப்புத் தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்தேன், விட்டதும் மூன்றிலும் அது அறுந்துவிடுகிறதா என்றும் பார்த்தேன்.

டெர்மினலில் இன்னொரு விஷயம் இருந்தது. சர்வீஸிலிருந்து வரும் வயர் அலுமினியம். அதைச் சும்மா முறுக்கிப் பித்தளை டெர்மினலில் நெருக்கியிருந்தார்கள். மூன்றாவது ஃபேஸின் திருகு அரைச் சுற்று லூஸ். அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல ஒதுங்கிக் கொடுக்கும். நெருக்கிய திருகு நாளாக ஆகத் தானாகத் தளரும், தளர்ந்த இடம் சூடாகும். பாயிண்டில் பாதி தேய்மானத்துக்கு இந்தச் சூடும் பங்கு கொடுத்திருக்கிறது. நுனியை வெட்டிவிட்டு, பித்தளைக்குத் தோதான பைமெட்டல் லக் போட்டு க்ரிம்பிங் செய்து மாட்டினேன்.

ஓவர்லோட் ரிலே பழுதில்லை, ஆனால் டயல் கடைசி முனையில் நின்றது. எப்போதோ டிரிப் ஆனபோது யாரோ ஏற்றிவிட்டிருக்கிறார்கள். மோட்டார் நேம் பிளேட்டில் 9.5 ஆம்பியர். டி.ஓ.எல்.லில் ரிலே வழியாக முழு லைன் கரண்டும் போவதால் நேம் பிளேட் அளவையே வைக்க வேண்டும். ஸ்டார் டெல்டாவில் (மோட்டாரை இரண்டு கட்டமாக ஸ்டார்ட் செய்யும் வகை) ரிலே பெரும்பாலும் வைண்டிங் பக்கம் இருக்கும், அங்கே லைன் கரண்டில் 0.58 பங்குதான் வைக்க வேண்டும். இது தெரியாமல் முழு ஆம்பியரை வைத்து மோட்டாரை எரித்துக்கொண்டவர்கள் பலர். ரீசெட்டைத் தானியங்கியில் விடாமல் கையால் ரீசெட் செய்யும் நிலையில் வைத்தேன். ரிலே டிரிப் ஆனால் யாராவது வந்து ஏன் என்று பார்த்தாக வேண்டும். ரிலேயின் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் காயில் விடுகிறதா என்பதையும் பார்த்துவிட்டேன். கிணறு வற்றி மோட்டார் காற்றில் ஓடுவதை இந்த ரிலே கண்டுபிடிக்காது. லோடு குறைந்தால் ஆம்பியரும் குறையுமே! அதற்குத் தனியாக டிரை ரன் பிரிவென்டர் வேண்டும். பெரியப்பா தோப்பில் அது ஏற்கெனவே இருக்கிறது.

ஃபியூஸை மாட்டினேன். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு முதலில் ஸ்டார்ட்டரை மட்டும் போட்டேன். டக் என்று ஒரே சத்தம், அப்புறம் அமைதி. நல்ல கான்டாக்டர் அப்படித்தான் இருக்க வேண்டும். அடுத்து மோட்டாரோடு சேர்த்துப் போட்டேன். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வோல்டேஜ் சரிந்தாலும் ஸ்டார்ட்டர் அடித்துக்கொள்ளவில்லை. க்ளாம்ப் மீட்டரில் மூன்று ஃபேஸும் 9 ஆம்பியர் பக்கத்தில், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லாமல் நின்றன.

கால் மணி நேரம் ஓடிய பிறகு மில்லில் நாங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு சோதனையைச் செய்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு ஃபேஸிலும் பாயிண்டுக்கு முன்னாலும் பின்னாலும் மீட்டர் முனையை வைத்து மில்லிவோல்ட் அளப்பது. பாயிண்ட் நன்றாக உட்கார்ந்திருந்தால் சில பத்து மில்லிவோல்ட்தான் வரும். ஒரு ஃபேஸ் மட்டும் மற்றதைவிடப் பல மடங்கு காட்டினால் அங்கே சூடு பிறக்கிறது என்று அர்த்தம், பெட்டியைப் பிரிக்காமலே தெரிந்துவிடும். இங்கே மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்தது. உயிருள்ள டெர்மினலில் செய்யும் வேலை இது. மீட்டர் முனை வழுக்கினால் ஃபேஸுக்கு ஃபேஸ் ஷார்ட். பழக்கமும் நல்ல மீட்டரும் கையுறையும் இல்லாதவர்கள் செய்ய வேண்டாம். அவர்களுக்கு எளிய வழி இருக்கிறது: ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, மெயினை இறக்கி, ஃபியூஸைப் பிடுங்கி, சப்ளை இல்லை என்று மீட்டரில் உறுதி செய்துகொண்டு மூன்று டெர்மினலையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த ஃபேஸில் வேலை இருக்கிறது.

எறும்புக்காகப் பெட்டிக்குள் எறும்புப் பொடி தூவும் பழக்கம் நிறைய இடங்களில் பார்க்கிறேன். அந்தப் பொடி மேக்னட் முகத்தில் படிந்து அதே தொல்லையைத்தான் கொடுக்கும், ஈரம் பட்டால் கரண்ட் கசியவும் வழி செய்யும். கேபிள் ஓட்டைக்குக் கேபிளை இறுக்கிப் பிடிக்கும் க்ளாண்ட் போட்டேன், மிச்ச இடைவெளியை எம்-சீல் வைத்து அடைத்தேன். மூடியின் ரப்பர் பீடிங் பிய்ந்திருந்தது, புதுசு வைத்தேன். குளவிக்கூட்டை எடுத்து, பெட்டியை பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். எங்கள் மில்லில் பஞ்சுத் தூசிக்கு ஏர் அடிப்பார்கள். ஆனால் கம்ப்ரசர் காற்றில் தண்ணீர் இருந்தால் அது உள்ளே போகும், தூசியும் ஆர்க் சேம்பருக்குள் இன்னும் ஆழமாகப் போய் உட்காரும். வாக்குவம் க்ளீனரும் பிரஷ்ஷும்தான் நல்லது.

கிளம்பும்போது மூடியின் உள்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டினேன்: காயில் அளவு, கிட் நம்பர், ரிலே வைத்த ஆம்பியர், மாற்றிய மாதம். அடுத்து யார் திறந்தாலும் அங்கிருந்து தொடங்கலாம். அலுமினிய வயர் இருப்பதால் ஒரு மாதம் கழித்து டெர்மினல் திருகுகளை ஒருமுறை நெருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தேன். "கிர்ருனு சத்தம் கேட்டா ஓட்டாதீங்க பெரியப்பா, உடனே நிறுத்திட்டுப் போன் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். லைனில் வோல்டேஜ் சரிவதற்குத் தோப்புக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து மின்வாரியத்தில் மனு கொடுக்கப் போகிறார்கள். அதற்காக, மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்திலும் ஓடும் நேரத்திலும் அளந்த வோல்டேஜை ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.